கோலிக்குள் ஓர் ஆட்டுக்குட்டி

டியூப்லைட் வெளிச்சத்தில் கோலியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. காலை வெயில் விழுகிற ஜன்னலுக்கு நேராகக் கையைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாக உருட்ட வேண்டும். உங்கள் ஸ்டேஷனிலும் ஜன்னல் இருக்கிறது, ஆனால் மேற்குப் பார்த்தது. குறையாகச் சொல்லவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் இங்கே தொடங்குகிறேன்.

என் பெயர் கோவிந்தராஜ். வில்லியனூர்க் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. வளையல், ரிப்பன், பிளாஸ்டிக் பூ, கிறிஸ்துமஸ் வந்தால் ஸ்டாரும் சீரியல் லைட்டும். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் வளையல்கார அண்ணன். ஃபோனில் வேறு ஆள். பழைய கோலி சேர்ப்பவர்களின் குழு ஒன்று இருக்கிறது. யாராவது பரணில் கிடந்த கோலியைப் படமெடுத்துப் போட்டு இது என்ன என்று கேட்டால், "கோவிந்தராஜ் சார் வரட்டும்" என்பார்கள். நான் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மெஷினில் செய்த கோலி எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே வழவழப்பு. கையால் செய்தது அப்படி இருக்காது. உருக்கிய கண்ணாடியை நீளக் குச்சியாக இழுத்து, நுனியை உருட்டி, கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் சின்னதாக ஒரு வடு நிற்கும். நான் அதைத் தொப்புள் என்பேன். இப்போது குழுவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெற்றவளிடமிருந்து அறுத்ததற்கு அடையாளம் என்று ஒருமுறை எழுதினேன், பலருக்கும் பிடித்துப்போனது.

பெயர் வைப்பதும் பெரும்பாலும் நான்தான். உள்ளே வண்ண நூல் முறுக்கினாற்போல் இருந்தால் சுருள்கோலி. தெளிந்த கண்ணாடிக்குள் வெள்ளை மண்ணில் செய்த நாயோ பறவையோ இருந்தால் உருக்கோலி. வெளிநாட்டில் அதை சல்ஃபைட் என்கிறார்கள். அந்தக் காலத்து ஜெர்மன் சரக்கு. எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூடக் கையில் தொட்டதில்லை. அந்த ஏக்கம் சாதாரணமானது இல்லை, கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு வேறு ஏக்கங்கள் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு கோலியைப் பற்றிக்கூட நான் பொய் சொன்னதில்லை. வளையலில் சொல்லியிருக்கிறேன். சாயம் போகாது என்று சொல்லி விற்ற ரிப்பன் எத்தனையோ. கோலியில் அது நடக்காது.

பழைய கோலி உரசி உரசி மேலே புகை படிந்த மாதிரி மங்கிப்போயிருக்கும். ஈரம் பட்டால் மங்கல் மறைந்து, காய்கிற வரைக்கும் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். சிலர் தண்ணீரில் நனைப்பார்கள். நான் வாயில் போட்டு எடுப்பேன். பல்லில் படுகிற சத்தத்திலேயே கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதும் தெரிந்துவிடும். சின்ன வயதுப் பழக்கம். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அமல்தாஸ் ஸ்டார் வாங்க வந்தான். திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வீடு எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பங்குக் கோயில் இருக்கிற ஒரு கிராமத்தில். கல்லாப் பக்கம் நான் வைத்திருக்கும் கோலிகளைப் பார்த்துவிட்டுப் போகிறபோக்கில் சொன்னான்:

"எங்க வூட்டுக் குடில்ல கூட ஒரு கோலி கீதுணா. உள்ள ஆட்டுக்குட்டி நிக்கும். எங்க தாத்தா சொல்தாவா இருந்தாரில்ல, அவரு கப்பல்ல வரும்போது கொண்டாந்தது."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அவன் சில்லறையை வாங்காமலே போகப் பார்த்தான். நான் கூப்பிட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வழியையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். கூடத்து மூலையில், சுவர் ஓரமாகக் குடில் கட்டியிருந்தார்கள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை, கொட்டாங்கச்சியில் முளைக்கவிட்ட கேழ்வரகுப் பயிர் புல்லாக. மாடு, கழுதை, இடையர் எல்லாம் சுண்ணாம்புப் பொம்மைகள். ஆடு மட்டும் பொம்மை கிடையாது. அவர்கள் வீட்டு வழக்கம் அது. குழந்தை இயேசுவின் காலடியில் அந்தக் கோலியைத்தான் ஆடு என்று வைப்பார்கள். வீட்டில் யார் கடைசியோ அவர் கையால் வைக்க வேண்டும். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பஞ்சில் சுற்றி பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். அந்த வருஷம் வைத்தது கிறிஸ்டினா. இரண்டரை வயது இருக்கும். அமல்தாஸின் மகள்.

கோலி சின்ன நெல்லிக்காய் அளவு. மங்கியிருந்தது. தடவினேன், தொப்புள் இருந்தது. வாயில் போட்டு எடுத்து ஜன்னல் பக்கம் போய்த் தூக்கிப் பிடித்தேன். ஆட்டுக்குட்டி வெள்ளி பூசினாற்போல் நின்றது. முன்னங்கால் ஒன்று சரியாக விழவில்லை, அந்த இடத்தில் ஒரு காற்றுக்குமிழி. வீட்டில் அதை நொண்டி ஆடு என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் அழுதுவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

குழந்தை என் காலைக் கட்டிக்கொண்டு, "மாமா, ஆடு" என்றது. குனிந்து காட்டினேன். ஈரம் காய்ந்து ஆடு மங்கியதும், "இன்னொரு வாட்டி" என்றது. மறுபடியும் வாயில் போட்டு எடுத்தேன். கை தட்டிச் சிரித்தது. எத்தனை முறை செய்தேன் என்று தெரியாது. எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. அதன் அம்மா மரிய சுகந்திக்குத் தொப்புளைக்கூடத் தடவிக் காட்டினேன். "இன்னாணா, கோலிக்குக்கூடத் தொப்புளா" என்று வியந்தாள்.

எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். அமல்தாஸ் சிரித்தான்.

"நொண்டி ஆட்ட வச்சிக்கினு இன்னா செய்யப் போறீங்க?"

சுகந்தி சிரிக்கவில்லை. "குடில்ல வச்சதக் குடுக்கறதில்லணா. அது பாப்பாவோட ஆடு. நாளைக்கி இவளுக்குத் தம்பி பொறந்தா அவன் வைக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. அவள் பேச்சில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தபோது, குரங்கு கையில் பூமாலை என்று தோன்றியதும் உண்மை. உலகத்தில் எங்கெங்கோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற பொருள், இங்கே கேழ்வரகுப் பயிருக்கு நடுவில் நொண்டி என்ற பெயரோடு கிடக்கிறது. அதற்கு ஒரு சரியான பெயர்கூட இல்லை. அந்த வருத்தம் என்னைச் சாப்பிடவிடவில்லை.

சில நாள் கழித்து சுகந்தி ஃபோனில் பேசி அனுப்பியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் பேசினாள். "நீங்க வந்துட்டுப் போனதுலேந்து இது கோலிய வாயில போட்டுக்கினே கீதுணா. புடுங்கிப் புடுங்கிப் பாத்துட்டு, மலை உச்சில தூக்கி வச்சிட்டேன். எட்டாது." அவள் கவனமான பெண். அதை நான் யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

புது வருஷம் பிறந்து, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்னால் இரண்டாம் தடவை போனேன். அமல்தாஸ் காலை ஷிஃப்ட் என்று தெரிந்துதான் போனேன். மீன் தொட்டிக்குள் போடும் பெரிய கண்ணாடிக் கோலி என் கடையில் ஒரு ஜாடி நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து, பின்கட்டு சிமெண்ட் படியில் தேய்த்து மங்கலாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருடத்தான் போனேன். அதை இல்லை என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

சுகந்தி நாற்காலி போட்டாள். தட்டில் கல்கல் வைத்தாள். மாவைச் சீப்பில் உருட்டிப் பொரித்து, பாகில் புரட்டுவார்களே, அந்தப் பண்டம். குழந்தை கையிலும் ஒன்று இருந்தது, நுனியைக் கடித்து ஊறவைத்துக்கொண்டிருந்தது. வெளியில் காபி குடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்று, "ஒரு காபி குடும்மா" என்று கேட்டேன். சந்தோஷமாக அடுப்பங்கரைக்குப் போனாள்.

மலை உச்சியிலிருந்து ஆட்டை இறக்கினேன். பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, பையிலிருந்து மற்றதை எடுத்தேன். ஸ்டூலில் வைத்திருக்கக் கூடாது. உள்ளங்கையிலேயே வைத்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாதே என்று நினைத்தேன்.

நான் திரும்புவதற்குள் குழந்தை அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. திருடித் தின்கிற பிள்ளையின் முகம் அதில் இல்லை. எனக்குக் காட்டுவதற்காகப் போட்டது. நான் செய்ததையே செய்து, இப்போது ஆடு வரும் என்று என்னைப் பார்த்தது. நான் கையை நீட்டினேன். அது தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்து சிரித்தது. சிரித்தபோதுதான் சத்தம் நின்றது.

கூப்பிட்டிருக்கலாம். அடுப்பங்கரை எட்டிப்பிடிக்கும் தூரம். கூப்பிட்டால் சுகந்தி ஓடி வந்திருப்பாள், என் கையில் மீன்தொட்டிக் கோலி இருந்தது. அதனால் முதலில் அதை மலை உச்சியில் வைத்தேன். உருண்டுவிடாமல் காகிதத்தைக் கொஞ்சம் அழுத்தினேன். பிறகு திரும்பினேன். குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் போட்டு விரலை விட்டுக் கோலியை எடுத்தேன். எடுத்துவிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுகந்தி காபியோடு வந்தாள்.

"கல்கல் தின்னுச்சும்மா, விக்கிக்கிச்சு" என்றேன். அவள் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்து குழந்தையைத் தூக்கி முதுகில் தட்டினாள். நான் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவள் குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். வாயில் கல்கல் துணுக்கு இருந்தது. யாரும் வேறெதையும் தேடவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். கடையை அடைத்துவிட்டுத்தான் போனேன். வெள்ளைத் துணி போர்த்திய சின்னப் பெட்டி, ஒரே ஆள் தூக்கிவிடலாம், ஆனாலும் நாலு பேர் பிடித்தார்கள். அமல்தாஸின் அம்மா அன்னாமேரி, கல்லறைத் தோட்டத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"பெத்தவளே ஊட்டிக் கொன்னுட்டாளே. எம் பேத்தி வாய்க்கு அது பெரிசுன்னு தெரியாதாடி உனக்கு?"

சுகந்தி தன் வலது கையை மடித்து முந்தானைக்குள் வைத்திருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அந்தக் கையால் யாருக்கும் சோறு போடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அமல்தாஸ் அவளைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான். கொஞ்ச நாளில் பாகூர்ப் பக்கம் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். குடிலைப் பிரித்து டின்னில் கட்டி வைத்தது அக்கம்பக்கத்துப் பெண்கள். எது எது என்று அவர்கள் பார்க்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் சுகந்தி கடைக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வளையல் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டு, ஆள் இல்லாதபோது கேட்டாள்:

"நீங்கதான் அங்க இருந்தீங்க, அதான் கேக்கறேன். நான் குடுத்த கல்கல்தானாணா? வேற எதுவும் இல்லியே?"

"ஆமாம்மா" என்றேன். "உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. அதுக்கு ஆயுசு அவ்ளோதான்."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட நானே ஸ்டாண்ட் வரை போனேன். போகும்போது, "நீங்க ஒருத்தர்தாணா என்னத் திட்டாதவரு" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. வேறு யார் அவளை அவ்வளவு தூரம் நடந்து கூட்டிப்போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

மழைக்காலம் தொடங்கியதும் கோலியைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். பொறுக்க முடியவில்லை. அரிய கோலி கிடைத்தால் கிடைத்தவர் பெயர் வைக்கலாம் என்பது எங்கள் வழக்கம். நான் கிறிஸ்டினா என்று வைத்தேன். அழகான பெயர் என்று எல்லோரும் எழுதினார்கள். யார் அது என்று ஒருவர் கேட்டார். தெரிந்த குழந்தை என்றேன். நொண்டி ஆடு என்று கிடந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது, அந்தக் குழந்தைக்கும் ஒரு ஞாபகம் இருக்கும். அதில் மட்டுமாவது நான் சரியாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன்.

இந்த வாரம் சுகந்தி மறுபடி வந்தாள். குழந்தையின் வருஷப் பூசை நெருங்குகிறது என்று அமல்தாஸ் போய் அழைத்து வந்திருந்தானாம். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ரோட்டிலேயே நின்றான். அவள் உள்ளே வந்து ஒரு கோலியை என் முன்னால் வைத்தாள்.

"குடில் கட்டலாம்னு டின்னத் தொறந்தேன். இத வாயில போட்டுப் பாத்தேன், பாப்பா போடற மாதிரி. ஆடு வரலணா. எல்லாப் பக்கமும் தடவிப் பாத்தேன், தொப்புளும் இல்ல. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க, இது இன்னா கோலி?"

அது என்னவாகவும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். கோலி வருஷம் போகப்போக மங்கும், ஆடு மறைந்துவிடும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், என்னை அவ்வளவு நம்பினாள். எடுத்து ஒரு சுற்று உருட்டினேன். பழக்கதோஷம்.

"மீன் தொட்டியில போடறது" என்றேன். "மெஷின் சரக்கு. நம்ம கடையிலேயே இருக்குது."

அவள் என் தலைக்குப் பின்னால் இருந்த ஜாடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் காபி எடுத்துக்கினு வந்தப்ப நீங்க ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தீங்க" என்றாள். "கையத் தூக்கிப் புடிச்சிக்கினு. பாப்பா கீழ படுத்துக் கிடந்துது. நீங்க சாமியக் கும்பிடறீங்கன்னு நெனச்சேன்."

கல்லாவுக்கு அடியிலிருந்த டப்பாவைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, ஆட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். வலது கையைத்தான் நீட்டினாள். கோலியை அவள் பார்க்கவே இல்லை. கையை மூடிக்கொண்டாள்.

"அப்ப கல்கல் இல்லியா?"

"இல்லம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அமல்தாஸ் ஓடி வந்தான். என்ன என்று தெரியாமலே அவளைத் தூக்கப் பார்த்தான். அவள் மூடிய கையை அவன் நெஞ்சில் வைத்து, "நான் இல்ல, நான் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு வருஷமாகப் பெற்றவர்களும் பங்குச் சாமியாரும் கொடுக்க முடியாத ஆறுதலை அன்று அவளுக்கு நான்தான் கொடுத்தேன். அதையும் ஒரு வரி எழுதிக்கொண்டால் நல்லது.

கோலியை எடுத்தபோது குழந்தைக்கு மூச்சு இருந்ததா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். மறைக்கவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியாது. கண்ணாடியில் எங்கேயாவது பல் பட்டிருக்கிறதா என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.